இரண்டு பேரும் ஒரே மாதத்தில் துணையை இழந்தோம். இது அன்பா, இல்லை வலி சேர்த்து வைத்ததா?

வேப்பமரத்து வீடு எழுதியது:

வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு 43 வயது. வில்லிவாக்கத்தில் மகனோடும் மாமியாரோடும் இருக்கிறேன். என் கணவர் 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசே ரெம்டெசிவிர் ஊசி மருந்தை விற்க ஆரம்பித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரியே போய் நடைபாதையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்துவிடுவோம். மருந்துச் சீட்டு, ஸ்கேன், ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். என்னிடம் ஒரு நகல் குறைந்தது. எனக்கு முன்னால் நின்றிருந்தவர், "நீங்க போய் எடுத்துட்டு வாங்க, இடம் போகாது" என்று சொல்லி, வரிசை நகர்ந்தால் கூப்பிடுவதற்காக என் நம்பரை வாங்கிக்கொண்டார். அவர் தன் மனைவிக்காக மூன்றாவது நாளாக வந்து நின்றிருந்தார். அவரும் வாங்கினார், நானும் வாங்கினேன். அவர் மனைவி மூன்று நாளில் போய்விட்டார். என் கணவர் வென்டிலேட்டரில் பதினோரு நாள் இருந்து போனார்.

அப்புறம் அந்த வருடக் கடைசியில், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு கொடுத்த 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும் வேலை வந்தது. என் கணவரின் இறப்புக் காரணத்தைச் சரியாகப் பதியாததால் நான் அலைந்துகொண்டிருந்தேன். யாரைக் கேட்பது என்று யோசித்தபோது அந்த நம்பர் போனில் 'கீழ்ப்பாக்கம் வரிசை' என்று இருந்தது. கூப்பிட்டேன். "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று அவர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

அவருக்கு 48 வயது, அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகள், இப்போது பிளஸ் டூ. நாலு வருடமாகப் பேசுகிறோம். முதல் ஒரு வருடம் சான்றிதழ், கையெழுத்து, பள்ளிக் கட்டணம் என்றுதான் பேச்சு. பிறகு ஒரு நாள் ராத்திரி, கணவரின் சட்டைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை என்று நான் சொன்னேன். "நான் இன்னும் அவ செருப்பை வாசல்லயேதான் வச்சிருக்கேன்" என்றார். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் என் கணவரைப் பற்றிக் கேட்பார். என்ன பாட்டுப் பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வார், இப்படி. எங்கள் சொந்தத்தில் யாருமே இதைக் கேட்கவில்லை, பேச்சை மாற்றத்தான் பார்த்தார்கள்.

போன மாதம் அவர் சேர்ந்து வாழலாமா என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணவர் படத்தைப் பார்த்ததும் ஏதோ திருடியவள் மாதிரி ஆகிவிட்டேன். அவரோடு பேசினால் என் பாரம் இறங்குகிறது. அது அவர் மேல் உள்ள அன்பா, பாரம் இறங்குவதன் சுகமா? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. மருந்தை இரண்டு நாள் முன்னால் வாங்கியிருந்தால் கணவர் பிழைத்திருப்பாரோ என்று இன்றும் தோன்றுகிறது. அவர் சாவில் ஒரு பங்கு எனக்கு இருக்கும்போது நான் எப்படி இன்னொரு வாழ்க்கைக்குப் போவது?

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர், அந்த இரண்டாம் அலையில் கொரோனா வார்டில் இருந்தேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை நூறு பேர் கண்ணில் பார்த்திருக்கிறேன். 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தை உள்நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பின்னால் வந்த முடிவுகளில் சிலவகை நோயாளிகளுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது உண்மை. ஆனால் வென்டிலேட்டர் வரை போனவர்களை அது காப்பாற்றியதாகத் தெரியவில்லை. அக்கா, நீங்கள் தாமதிக்கவில்லை. ஊரே அந்தக் குப்பிகளுக்குப் பின்னால் ஓடிய நேரம் அது, நீங்களும் ஓடினீர்கள், அவ்வளவுதான். உங்கள் கணவர் அந்த மருந்து இல்லாமல் போகவில்லை, அந்த நோயால் போனார். இதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினாலும் சரி, நம்புங்கள்.

மூத்த மகள் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாரும் கோபிக்க வேண்டாம்.

அம்மா இறந்து பதினாலு மாதத்தில் அப்பா மறுமணம் செய்துகொண்டார். எனக்கு அப்போது 17 வயது. வந்தவரும் கணவரை இழந்தவர்தான், அவரும் கெட்டவர் இல்லை, இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஆனால் வந்த முதல் வாரத்தில் சமையலறையை ஒழுங்கு செய்தார். மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடுகு டப்பாக்களில் அம்மா கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கும், 'து.பருப்பு' என்று சுருக்கி எழுதுவார். டப்பா பழசாகிவிட்டது என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். நான் காலேஜிலிருந்து வந்து பார்க்கிறேன், வரிசையாகப் புது டப்பா. அன்றிலிருந்து அவரோடு ஒரு வருடம் நான் பேசவில்லை. காரணம் என்னவென்று அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஆறிக்கொண்டிருந்தது, எனக்கு அப்போதுதான் வலிக்கவே ஆரம்பித்திருந்தது. ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆறாது அக்கா. அந்தப் பெண்ணுக்குப் பிளஸ் டூ என்கிறீர்கள். தேர்வு முடியும் வரை ஒத்திப்போடுங்கள், ஆனால் மறைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு. எங்களுக்குக் கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் சொன்னார்கள். அதை நான் மறக்கவே இல்லை.

கடலோரத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் நாகப்பட்டினத்துக்காரன், மீன்பிடித் தொழில். படிப்பு அதிகம் இல்லை, மகள் தட்டச்சு செய்து தருகிறாள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஆழ்கடலில் இருந்தோம், படகு லேசாகத் தூக்கிப் போட்டது, பெரிசாகத் தெரியவில்லை. கரைக்கு வந்தால் கரை இல்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கடலுக்குள் போன ஆண்கள் பிழைத்தோம், கரையில் மீன் எடுக்க நின்ற பெண்களும் வீட்டில் இருந்த பிள்ளைகளும் போனார்கள். என் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அதில் அடக்கம். பெரியவள் கிடைத்தாள். சின்னவள் கிடைக்கவே இல்லை.

அப்புறம் தார் அட்டைக் கொட்டகையில் போட்டார்கள். வெயிலில் உள்ளே இருக்க முடியாது, ராத்திரியும் அனல் அடங்காது. எல்லாரும் வெளியே உட்கார்ந்திருப்போம். அடுத்த கொட்டகை வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும். அதற்குப் புருஷனும் மகனும் போய்விட்டார்கள். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசியது இல்லை. ஊரில் யாரும் யாரிடமும் கேட்கமாட்டார்கள், எல்லார் வீட்டிலும் சாவு, யாரை யார் கேட்பது? ஒருநாள் அது என்னைப் பார்த்து, "சின்னப் புள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டது. "இருந்துச்சு" என்று சொல்லாமல் கேட்டது பாருங்கள். மூணு வயசு என்றேன். சொல்லிவிட்டு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன், ஐந்து மாதம் கழித்து.

அந்த வருடம் எங்கள் கரையில் நிறைய மறுகல்யாணம் நடந்தது. எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு சாவுக்கு மாநிலம் ஒரு லட்சம், மத்திய அரசு ஒரு லட்சம் கொடுத்தார்கள். காசைப் பார்த்து நடந்ததும் உண்டு, சமைக்க ஆள் வேண்டும் என்று நடந்ததும் உண்டு, பொண்ணுக்கு விருப்பமா என்று கேட்காமலே நடந்ததும் உண்டு. எங்களையும் அப்படித்தான் பேசினார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் கல்யாணம் ஆகி முதல் வருடம் நரகம். நான் குடித்தேன். அது அழுதால் எனக்குக் கோபம் வரும், என் துக்கத்தைவிட அது துக்கம் பெரிதாகிவிடுமோ என்று நினைத்தேனோ என்னவோ. ஒருநாள் பாட்டிலைப் பிடுங்கி மணலில் கவிழ்த்துவிட்டு, "உனக்கு மூணு பேரு போனாங்க, எனக்கு ரெண்டு பேரு, அதுக்காக எனக்குக் கம்மியா வலிக்குமா?" என்று கேட்டது. என்னால் வாய் திறக்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடியை விட்டேன், ஒரே நாளில் இல்லை.

இந்த மனைவிக்கு ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்கு அதைத் திரும்பச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையை அரசாங்கம் இலவசமாகச் செய்தது. எல்லாருக்கும் பலிக்கவில்லை. எங்களுக்கு 2007-ல் ஒரு மகள் பிறந்தாள். ஊர்ப் பெரியவர்கள் சின்னவளே திரும்பி வந்துவிட்டாள், அவள் பெயரையே வை என்றார்கள். எனக்கும் ஆசைதான். என் மனைவிதான் கூடாது என்றது. "அவ பேரு அவளுக்கு. இவ வேற புள்ள." என் சின்னவளைப் பெறாதவள் அவள் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தாள். அன்பா வலியா என்று கேட்டாயே தங்கச்சி, எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வருடாவருடம் டிசம்பர் 26 கடலில் பால் ஊற்றப் போவோம். சேர்ந்து நடந்து போவோம், கரையில் அது கொஞ்சம் தள்ளிப் போய் அதனுடையவர்களுக்கு ஊற்றும், நான் இந்தப் பக்கம் என்னுடையவர்களுக்கு ஊற்றுவேன். திரும்பி ஒன்றாக வருவோம். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

பாதி வழி எழுதியது:

கடலோரத்தான் ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. உங்கள் மகளுக்கும் நன்றி.

எனக்கு அப்படி அமையவில்லை. அதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நானும் மனைவியை இழந்தவன், அவரும் கணவரை இழந்தவர். இரண்டு வருடம் பழகினோம். பேச்சு முழுக்கப் போனவர்களைப் பற்றித்தான். நினைவு நாள், பிறந்த நாள், கடைசி நாள் என்ன சாப்பிட்டார்கள், இதுவேதான். ஒருநாள் அலுவலகத்தில் நடந்த வேடிக்கையைச் சொல்லி நான் சிரித்தேன், அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குச் சரியாயிடுச்சு போல" என்றார். நான் சிரிப்பதே அவருக்குத் துரோகமாகப் பட்டது. அப்புறம் அவர் முன்னால் வருத்தமாக இருப்பதுபோல் நடிக்க ஆரம்பித்தேன். அது தாங்கவில்லை, விலகினோம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனவர்களைப் பற்றிப் பேசாத நாளும் உங்கள் இருவருக்கும் உண்டா? அன்றைக்கு என்ன பேசுகிறீர்கள்?

கூடம் எழுதியது:

மதுரைப் பக்கம் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். பாதி வழி கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்க வந்தேன்.

துக்கம் என்றால் ஐந்து படிகள், ஒன்றொன்றாக ஏறி இறங்கினால் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அந்தப் படிகளைச் சொன்னது சாவை எதிர்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்து. அதைப் பின்னால் எல்லாத் துக்கத்துக்கும் அளவுகோலாக்கிவிட்டோம். எனக்கு வேலையில் உதவியாக இருப்பது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999-ல் முன்வைத்த பார்வை. துக்கப்படுகிறவர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வருகிறார் என்கிறார்கள். ஒருநேரம் இழப்பின் பக்கம், சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பது, அழுவது. இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம், பையனின் பரீட்சை, வாடகை, புதிதாக ஒருவரோடு பேசிச் சிரிப்பது. இரண்டில் ஏதோ ஒன்றிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். பாதி வழி சொன்னதில் ஒருவர் ஆடும்போது இன்னொருவர் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்திவிட்டார், அவர் மேலும் தப்பில்லை, அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஒருவேளை அவருக்கு உதவி தேவைப்பட்டிருக்கலாம். வருடக்கணக்கில் அன்றாட வேலையே ஓடாத அளவு துக்கம் நீடித்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. அதைத் தனியாக ஒரு நோயாகவே இப்போது வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

வேப்பமரத்து வீடு சகோதரி, திருடியவள் மாதிரி இருந்தது என்றீர்களே, அது எனக்குப் பழக்கமான சொல். கணவரை மறந்தால்தான் இவரோடு வாழ முடியும் என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மறக்கத் தேவையில்லை. அவரோடு உள்ள உறவு வேறு உருவத்தில் தொடரும். இவர் உங்கள் கணவரின் பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அந்த இடத்தை உங்களிடம் பிடுங்கப் போகிறவராக எனக்குத் தெரியவில்லை.

பழைய கருவூலம் எழுதியது:

அம்மா, மனசு விஷயம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அரசுப் பணியில் ஓய்வூதியக் கோப்புகளோடு முப்பது வருடம் இருந்தவன், காகித விஷயம் சொல்கிறேன், இதைப் பேசாமல் விட்டுப் பிறகு மனஸ்தாபம் வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவராக இருந்து, பி.எஃப். ஓய்வூதியம் உங்களுக்கு வந்தால், மறுமணத்தோடு உங்கள் பங்கு நின்றுவிடும். ஆனால் மகனுக்கு அன்றிலிருந்து பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்குரிய விகிதத்தில், விதவை ஓய்வூதியத்தில் 75 சதவீதம், 25 வயது வரை கிடைக்கும். மனுக் கொடுக்க வேண்டும், தானாக மாறாது. அரசு ஊழியர் குடும்பமாக இருந்தாலும் மாநில விதிப்படி மறுமணத்தோடு மனைவியின் குடும்ப ஓய்வூதியம் நிற்கும், தகுதியுள்ள பிள்ளைக்குப் போகும்.

வீடு உங்கள் கணவர் பெயரில் இருந்து அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மாமியார் மூவருக்கும் சம பங்கு. மறுமணத்தால் உங்கள் பங்கு போகாது. யாராவது போகும் என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அதேபோல் நீங்கள் மணக்கப்போகிறவர் சொத்தில் உங்கள் மகனுக்கும், உங்கள் கணவர்வழிப் பங்கில் அவர் மகளுக்கும் என்ன என்பதை இரண்டு பேரும் உயிலாக எழுதிப் பதிந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த உயிலைக் காட்டுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

ஐயர், ஓமம் என்று வேண்டாம் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 1967 தமிழ்நாட்டுத் திருத்தப்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், இருவருடைய முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

மூத்த மகள் எழுதியது:

கடலோரத்தான் ஐயா, "அவ பேரு அவளுக்கு" என்ற இடத்தில் அழுதுவிட்டேன். எங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நேற்று இதை எழுதிய பிறகு சித்திக்குப் போன் செய்து அந்த டப்பா விஷயத்தைச் சொன்னேன், பதினோரு வருடம் கழித்து. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எனக்குத் தெரியாதும்மா, நான் என் வீட்ல இருந்து எதையுமே எடுத்துட்டு வர முடியல, அதான் இங்க எல்லாத்தையும் புதுசா வாங்கினேன்" என்றார். அவரும் ஒரு வீட்டை விட்டுவிட்டுத்தான் வந்தார் என்பதை நான் யோசித்ததே இல்லை.

வேப்பமரத்து வீடு எழுதியது:

எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை, முடியவில்லை.

இரவுப்பணி, நீங்கள் எழுதியதை அவருக்கு அனுப்பினேன். அவரும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், முதல் நாளே கிடைத்திருந்தால் என்று. நாலு வருடம் பேசியிருக்கிறோம், இதை மட்டும் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டதில்லை.

பாதி வழி, உண்டு. அவருக்குப் பட்டறையில் ஒரு பழைய லேத் இருக்கிறது, அது மக்கர் செய்யும் கதை வாரத்துக்கு ஒன்று வரும். எனக்குக் கிரிக்கெட் பிடிக்கும், அவருக்குச் சுத்தமாகத் தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் கேட்டதும் யோசித்துப் பார்த்தேன், இப்போதெல்லாம் அதுதான் அதிகம்.

அவர் மகளிடம் அவரே சொல்லிவிட்டார். ஒரு நாள் பேசவில்லையாம். மறுநாள் வந்து, "அம்மா செருப்பை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நான்தான் போனில் அவளிடம் பேசினேன். அந்த வாசல் உன்னுடையது, நான் தொடமாட்டேன் என்றேன். சரி என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

மாமியாரிடம்தான் பயந்தேன். நேற்று ராத்திரி சொன்னேன். மகன் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். மாமியார் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணு படம் அவங்க வீட்ல மாட்டியிருக்கா?" என்று கேட்டார். அவர் மனைவி படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது, தினமும் பூ வைக்கிறார்கள் என்றேன். "அப்ப சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் மகளையும் சாப்பிடக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். கத்தரிக்காய்க் கொத்சு வைக்கட்டுமா என்றார். அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாதாம் என்றேன். அப்ப முருங்கைக்காய் வாங்கி வை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.